டவுனுக்குள் போகிற வள்ளம் எங்கே நிற்கும்?

ஆலப்புழை நகரத்தின் கால்வாய்களுக்கும் படகுத்துறைகளுக்கும் பொறுப்பான அனைவருக்கும்,

"டவுனுக்குள்ள போற வள்ளம் எங்க நிக்கும்?"

கடந்த மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்காலுக்கு, உங்கள் படகுத்துறையில் நின்று என் அம்மை கேட்ட கேள்வி இது. கவுண்டரில் இருந்தவர் சிரித்தார். வாசலில் நின்ற தரகர்கள் மூன்று பேரும் சிரிக்கவில்லை, ஆனால் மூன்று பேரும் கையை நீட்டிக் காயலைக் காட்டினார்கள். சுற்றுலாத் தகவல் சொல்ல உட்கார்ந்திருந்த பெண் ஒரு மடக்குத்தாளைக் கொடுத்தார். அதில் கெட்டுவள்ளம் என்கிற படகுவீடு இருந்தது, தென்னை இருந்தது, சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரைக் காணோம்.

அன்று மதியமும் மறுநாளும் அதே கேள்வியோடு நான் நான்கு அலுவலக வாசல்களில் ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் கரையைத்தான் பார்த்துக்கொள்கிறார்களாம், தண்ணீர் அவர்களுடையது இல்லையாம். இன்னோரிடத்தில் தண்ணீர் மட்டும். மூன்றாவது இடத்தில், வேலை நடக்கிறது, முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள். நான்காவதில் நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. அதனால்தான் இந்த மடலில் எந்தப் பெயரும் இல்லை. இது உங்களில் யாருக்கு வந்த கடிதம் என்பதை நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறை அருகே இருக்கிறவர்கள். எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 வரை உங்களுக்கும் எங்களுக்கும் தலைநகரம் ஒன்றுதான், திருவனந்தபுரம். அம்மையின் அப்பா, எங்கள் பாட்டா, திருவனந்தபுரம் வள்ளக்கடவிலிருந்து சரக்கு வள்ளத்தில் கழுக்கோல் ஊன்றிப் போனவர். பார்வதி புத்தனாறு வழியாக வடக்கே ஏறி, வர்க்கலையில் குன்றைக் குடைந்து போட்ட இரண்டு துரப்புகளையும் தாண்டி, கொல்லத்தில் ஒரு நாள் கிடந்து, அப்புறம் ஆலப்புழை. துரப்புக்குள் நுழைவதற்கு முன்னால் எதிரே வள்ளம் வருகிறதா என்று கூவிப் பார்ப்பார்களாம். பாட்டா அந்தக் கூவலைக் கூவிக் காட்டித்தான் எங்களைத் தூங்க வைப்பார். யார் தூங்குவார்கள்!

ஆலப்புழையைப் பற்றி அவர் சொன்னது எல்லாமே தண்ணீரிலிருந்து பார்த்ததுதான். கடைக்காரன் கடையை விட்டு இறங்க வேண்டாம், வள்ளத்துக்காரன் கரையில் ஏற வேண்டாம், சாக்கு மட்டும் கை மாறும் என்பார். எந்தக் கடவில் கொப்பரை வாசனை வரும், எதில் மிளகு, எதில் அழுகின தேங்காய்த் தொண்டு என்று கண்ணை மூடிக்கொண்டே ஊரைச் சொல்லிவிடுவார். அம்மைக்கு இப்போது 76 வயது. காசிக்குப் போகலாமா என்று கேட்டேன். "அதொண்ணும் வேண்டாம் மக்கா, எனக்க அப்பன் போன வழியில ஆலப்புழைக்குள்ள ஒரு தடவ வள்ளத்துல போனா மதி" என்றார். இவ்வளவுதான் நாங்கள் வந்த காரணம்.

உரிமையோடு பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் ஊரைத் துறைமுகப் பட்டினமாக்கிய திவான் ராஜா கேசவதாஸ் எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவும் அவர் உண்டாக்கியதுதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கே காயலையும் மேற்கே கடற்கரைப் பண்டகசாலைகளையும் இணைக்கிற மாதிரி கால்வாய்கள் வந்தன. வாடைக் கால்வாய் ஒன்று, வணிகக் கால்வாய் ஒன்று. மலைச்சரக்கு காயல் வழியாக வந்து இந்த இரண்டிலும் நுழையும், கடலில் நிற்கிற கப்பலுக்குப் போகும். குஜராத்திலிருந்து வியாபாரிகள் வந்து தெருவே போட்டார்கள். 1859ல் ஜேம்ஸ் டாரா கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார், 1862ல் கலங்கரை விளக்கம் எழுந்தது. 'கிழக்கின் வெனிஸ்' என்று கர்சன் பிரபு சொன்னதாகச் சொல்வார்கள். அவர் சொன்னாரோ இல்லையோ, உங்கள் மடக்குத்தாளின் முதல் வரி அதுதான்.

இத்தாலியில் இருக்கிற அந்த அசல் வெனிஸில் ஊருக்கு நடுவே வளைந்து போகிற பெரிய கால்வாயில், நம்மூர் டவுன் பஸ் மாதிரி, ஒவ்வொரு துறையிலும் நின்று நின்று பொதுப் படகு போகிறது. பெயரை எடுத்துக்கொண்டீர்கள், படகை விட்டுவிட்டீர்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

தரகர்களில் முதல் ஆள் மணிக்கு ஆயிரம் ரூபாய் என்றார். அடுத்தவர் எண்ணூறு. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்ட மூன்றாமவர் ஆயிரத்து இருநூறு என்று ஆரம்பித்தார். நான் மலையாளத்தில் பதில் சொன்னதும் எழுநூறுக்கு இறங்கினார். பத்து நிமிடத்துக்குள் ஒரே படகுக்கு நான்கு விலை. எந்தச் சுவரிலும் கட்டணப் பலகை என் கண்ணில் படவில்லை. எங்களுக்காவது மலையாளம் வரும். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குழந்தைகளோடு வந்து இறங்குகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஷிகாரா என்கிற, கூரை போட்ட சின்னச் சுற்றுலாப் படகு ஒன்றில் ஏறினோம். ஏறினோம் என்று எழுதுவது எளிது. கரைக்கும் படகுக்கும் இடையே ஒன்றரை அடிப் பள்ளம். அம்மையின் வலது முட்டி மடங்காது. படகுக்காரர் ஒரு கையும் நான் ஒரு கையுமாகத் தூக்கி, ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கால் வைக்கச் சொல்லி இறக்கினோம். உயிர்காப்புச் சட்டைகள் இருக்கைக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டிய மூட்டையாகக் கிடந்தன. நான் கேட்ட பிறகுதான் முடிச்சை அவிழ்த்தார். 2023 மே மாதம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்களே, அதற்குப் பிறகும் அந்த முடிச்சு அப்படியே இருக்கிறது.

படகுக்காரர் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். புன்னமடைக் காயலைச் சுற்றிக் காட்டினார். 1952ல் நேரு வந்தபோது நடந்த வள்ளப் போட்டியையும், ஜெயித்த நடுபாகம் சுண்டன் என்கிற பாம்புப் படகில் நேரு ஏறிக்கொண்டதையும் நேரில் பார்த்தவர் மாதிரி விவரித்தார். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ஆணியே இல்லாமல் அயினிப் பலகையைக் கயிற்றால் தைத்துக் கெட்டுவள்ளம் கட்டுகிற விதத்தைச் சொன்னபோது அம்மை, "முந்திரித் தோட்டுக் கரி எண்ணெ பூசணும், அத விட்டிட்டியே" என்று திருத்தினார். அதற்குப் பிறகு அம்மச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் அழகுதான். ஆனால் ஊர் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி வரும்போது அம்மை மறுபடியும் கேட்டார். படகுக்காரர் தயங்கினார். "அது டூரிஸ்ட் ரூட் அல்ல அம்மச்சி." கொஞ்ச தூரமாவது போ மக்களே என்று அம்மை கெஞ்சியதும் துறையைத் தாண்டி மேற்கே திருப்பினார்.

நூறு மீட்டர் போயிருப்போமா, தெரியாது. ஆகாயத்தாமரை இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு பாய் விரித்த மாதிரி கிடந்தது. அங்கே அதைப் 'போள' என்கிறார்கள். இன்ஜின் முனகியது, இருமியது, நின்றுவிட்டது. அவர் இன்ஜினைத் தூக்கி, விசிறியைச் சுற்றியிருந்ததைக் கத்தியால் அறுத்து அறுத்துப் படகுக்குள் போட்டார். விரல் நீளத்துக்குக் கறுத்த வேர். ஒரு வேட்டிக் கரை. பால் பாக்கெட் இரண்டு. இரும்புக் கம்பி மாதிரி முறுகிப்போன நைலான் வலைத்துண்டு. கடைசியாக ஒரு குழந்தையின் ரப்பர் செருப்பு, ஒற்றை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதா அம்மச்சி, டவுன்" என்றார்.

அம்மை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தண்ணீர் நாறியது. இரண்டு வீடுகளின் கழிவுக் குழாய்கள் நேராக அதில் இறங்கியிருப்பதைப் பார்த்தேன். மூன்றாவது ஒன்று புதிது, சிமெண்ட் இன்னும் வெளுக்கவில்லை.

மறுநாள் நடந்ததையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் அநியாயமாகிவிடும். அரசுப் படகில் கோட்டயம் போனோம். சுமார் இரண்டரை மணி நேரப் பயணம், டிக்கெட் ஒரு ஊண் விலைகூட இல்லை. முன்னால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்ராங்கு தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுக்கிறார், நடுவில் இன்ஜின் பள்ளத்தில் இருப்பவரின் காதருகே மணி அடிக்கிறது. ஒரு இழுப்புக்கு ஒரு அர்த்தம், இரண்டு இழுப்புக்கு வேறு அர்த்தம். லாஸ்கர் என்கிற படகு ஊழியர் ஒரே எறியில் கயிற்றைத் துறையின் குற்றியில் மாட்டுகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்காரி, காஸ் சிலிண்டரோடு ஒருவர், கல்யாண வீட்டுக்குப் போகிற ஐந்து பெண்கள். ஒரு இடத்தில் கரைக்கு அப்பால் நெல்வயல் எங்களுக்குக் கீழே, ஓர் ஆள் உயரம் தாழ்ந்து கிடந்தது. குட்டநாட்டில் அப்படித்தான் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனாலும் படகில் உட்கார்ந்துகொண்டு வயலைக் குனிந்து பார்ப்பது வேறு விஷயம். கோட்டயம் நெருங்கும்போது கால்வாய் குறுகி, குறுக்கே சின்னச் சின்ன நடைபாலங்கள் வந்தன. படகு வந்தால் பாலத்தைத் தூக்கி விடுகிறார்கள், போனதும் இறக்குகிறார்கள். சைக்கிளோடு நின்ற ஒரு பையன் எங்களுக்குக் கை காட்டினான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஊருக்குள் படகு விட முடியாததற்கு அந்த அலுவலக வாசல் ஒன்றில் எனக்குச் சொல்லப்பட்ட காரணம், பாலங்கள் தாழ்வு என்பது. பக்கத்து ஊரில் கையால் தூக்குகிற பாலத்துக்கு அடியில் தினமும் உங்கள் மாநிலத்துப் படகே போகிறது. எல்லாப் பாலத்தையும் தூக்கச் சொல்லவில்லை. மேலே லாரி போகிற பாலத்தைத் தூக்க முடியாது என்று எனக்கும் தெரியும். தாழ்ந்த கூரையுள்ள சின்னப் படகு போதும். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் 75 பேர் உட்காரும் சூரிய ஒளிப் படகை ஓட்டிக்கொண்டிருக்கும் மாநிலம் உங்களுடையது. புகையில்லை, அதிகச் சத்தமில்லை, கரையை அரிக்கும் வேகமில்லை. அதில் கால்வாசி அளவுக்கு ஒன்று செய்ய உங்களுக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் ஊருக்குப் புறப்படும் முன்பு ஆட்டோவில் பாலம் பாலமாகப் போனோம். ஜில்லாக் கோர்ட்டுப் பாலம், கல்லுப்பாலம், இரும்புப்பாலம். பெயரெல்லாம் எங்களுக்கு விளங்குகிற பெயர்கள் என்பதில் அம்மைக்கு ஒரு சந்தோஷம். கல்லுப்பாலத்துக்குப் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். எதிர்க்கரையில் ஒரு பழைய பண்டகசாலை. ஓட்டுக்கூரை பாதி உள்வாங்கியிருந்தது. அதன் வாசலிலிருந்து கருங்கல் படிகள் தண்ணீருக்கு இறங்கின. ஏழு படி எண்ணினேன், எட்டாவது போளைக்குள் மறைந்துவிட்டது. வள்ளம் வந்து நிற்பதற்காகக் கட்டிய வாசல் அது. தெருப்பக்கம் போய்ப் பார்த்தால் வெறும் மொட்டைச் சுவர், அதில் கோச்சிங் சென்டர் போஸ்டர். உங்கள் ஊர் முகத்தைக் கால்வாய்ப் பக்கம் வைத்துக்கொண்டு தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. எங்களைப் போல வருகிறவர்களை நீங்கள் அந்த முதுகுப் பக்கமாகவே அழைத்துப்போய், அப்படியே காயலுக்கு அனுப்பிவிடுகிறீர்கள்.

"இஞ்சதான் இருக்கும்" என்றார் அம்மை. எது என்று கேட்கவில்லை.

கரையை அழகுபடுத்தியிருக்கிறீர்கள், பார்த்தோம். சில இடங்களில் நடைபாதை, விளக்கு, உட்கார பெஞ்சு. வேலை செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படகு ஓடாத கால்வாய்க்குக் கரையில் எவ்வளவு விளக்கு வைத்தாலும் அது கொஞ்ச நாளில் சாக்கடையாகிவிடும். எங்கள் ஊரில் ஆகியிருக்கிறது.

அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் என்று பெயர், நாங்கள் ஏ.வி.எம். கால்வாய் என்போம். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் தண்ணீர் வழியாக இணைக்க 1860ல் வெட்டத் தொடங்கியது, முழுதாக முடியவே இல்லை. வெட்டிய பகுதியிலாவது என் அம்மையின் சின்ன வயதில் தொண்டும் கயிறும் ஏற்றிய வள்ளங்கள் போயின. வள்ளம் நின்றதும் முதலில் யாரோ ஒருவர் குப்பை போட்டார். பிறகு ஒருவர் மண் போட்டார். அதன்மேல் ஒருவர் தென்னை நட்டார், இன்னொருவர் மதில் கட்டினார். இப்போது பல இடங்களில் அது கால்வாய் என்று சொன்னால்தான் தெரியும். 2016ல் நாடாளுமன்றம் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகள் என்று சட்டம் போட்டதே, அதில் பூவாறிலிருந்து இரையுமன்துறை வரை எங்கள் கால்வாய்தான் 13ஆம் எண். சட்டத்தில் தேசிய நீர்வழி. நான் நடந்து பார்த்த இடத்தில் அதன் நடுவே ஒரு ஆடு கட்டியிருந்தது. எங்கள் பக்கத்து அதிகாரிகளுக்கு இதைப் பற்றி மூன்று மனு கொடுத்திருக்கிறேன், அது வேறு சண்டை. இங்கே சொல்ல வந்தது, வள்ளம் நின்ற பிறகு ஒரு கால்வாய் எத்தனை வருடம் தாங்கும் என்பது எங்களுக்குத் தெரியும் என்பதுதான். உங்களுடையது இன்னும் தண்ணீரோடு இருக்கிறது.

படகு போகிற பாதையில் போள அவ்வளவாக அடைவதில்லை என்பதைக் காயலில் நீங்களே பார்க்கலாம். மணிக்கு ஒரு படகு போகிற கால்வாயில் கழிவுக் குழாய் இறக்கவும் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள், ஏனென்றால் பார்க்கிற கண் தினமும் வரும். செலவைப் பற்றிச் சொல்வீர்கள். கொச்சியில் 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ ஆரம்பித்தார்கள், குறைந்த கட்டணம் இருபது ரூபாய். அங்கே துறையே மிதக்கிறது. தண்ணீர் ஏறினால் துறையும் ஏறும், படகும் தரையும் ஒரே மட்டம். போன வருடம் அம்மை அதில் யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்கினார். அவ்வளவு பெரிய திட்டத்தை உங்களிடம் கேட்கவில்லை, அந்த மிதக்கும் பலகையை மட்டும் கேட்கிறேன்.

நான் கேட்பது இவைதான்.

இரண்டு கால்வாய்களிலும் படகு தடையில்லாமல் போகும் அளவுக்குப் போளையை நீக்கி, படகுத்துறையிலிருந்து ஊருக்குள் ஒரு சின்னப் பொதுப் படகை, காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை, இந்த ஓணத்துக்குள் சோதனைக்காவது ஓட்டுங்கள். முழு நீளமும் முடியாவிட்டால் முடிகிற தூரம் வரை. சுற்றுலாப் படகு என்று தனியாக வேண்டாம், முல்லைக்கல் கடைத்தெருவுக்குப் போகிறவர்களும் ஏறுகிற மாதிரி, டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற படகாக இருக்கட்டும். அது நிற்கிற இடங்களில் வயதானவர்கள் ஏறி இறங்க ஒரே மட்டத்தில் மிதக்கும் துறை வையுங்கள், இப்போதைக்கு இரண்டு போதும்.

வாடகைப் படகுகளுக்கு மணிக்கு என்ன விலை, எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகுத்துறை வாசலில் பெரிய பலகையில் எழுதி வையுங்கள். மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கீழே தமிழிலும் இரண்டு வரி. உயிர்காப்புச் சட்டை போடாமல் துறையை விட்டுப் படகு கிளம்பக்கூடாது, அதைப் பார்க்க அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

கால்வாயில் நேராக இறங்கும் கழிவுக் குழாய்களை அடைத்துவிடுங்கள். நான் பார்த்த மூன்றின் படங்களும் என்னிடம் உள்ளன. யாருக்கு அனுப்புவது என்று சொன்னால் அனுப்புகிறேன்.

கல்லுப்பாலத்து அருகே உள்ள அந்தப் படிகளை உடைத்துவிடாதீர்கள். நடைபாதை வேலை அந்தப் பக்கம் நகர்ந்து வருவதைப் பார்த்துத்தான் இதைத் தனியாகக் கேட்கிறேன். எட்டாவது படியிலிருந்து கீழே எத்தனை இருக்கிறது என்று போளையை விலக்கிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தக் கால்வாய்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று ஒரே ஒரு அலுவலகத்தின் பெயரை வெளியில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்த மாசியிலும் வருவதாக அம்மை முடிவு செய்துவிட்டார், முட்டி சம்மதித்தால். அதற்குள் ஒரு பதில் வேண்டும். மலையாளத்திலேயே எழுதலாம், எங்களுக்கு வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
வள்ளக்கடவு வள்ளக்காரர் ஒருவரின் பேரன்,
முஞ்சிறைப் பக்கத்திலிருந்து